வெல்டர் அக்கா மறித்த கைவண்டி

வெல்டர் அக்காவுக்குக் கோபம் வந்தால் முதலில் பேச்சு நின்றுபோகும். தலைமேல் தூக்கி வைத்திருக்கும் முகக்கவசத்தைப் படக்கென்று கீழே இறக்கிவிடுவார். திட்ட வந்த மேற்பார்வையாளர் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் தன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டுப் போக வேண்டியதுதான். பஸ் பாடி கட்டும் எங்கள் தொழிற்சாலையில் இது எல்லோருக்கும் தெரியும். கவசம் இறங்கியிருந்தால் பக்கத்தில் போகாதே என்பது புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம்.

இரண்டாவது பாடத்தை அக்காவே சொல்வார்.

"சாயங்காலம் மேசையைத் துடைச்சு வச்சிட்டுப் போயிடாதே. பாதி வேலை ஒண்ணு அதுமேல கிடக்கணும். காலி மேசையைப் பார்த்தா அவங்களுக்கு என்ன தோணும்? நல்லா உழைச்சிருக்கான்னா தோணும்? இந்த ஆளு எதுக்குன்னு தோணும்."

அதனால் எங்களில் யாரும் கடைசித் துண்டை முடித்துவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. ஒரு ஜன்னல் சட்டமோ, ஒரு சீட்டின் காலோ, பற்றவைக்காமல் மறுநாளுக்காகக் கிடக்கும். இதோடு ஒட்டிய இன்னொரு வழக்கமும் உண்டு. அடுத்தவர் மேசையில் இருக்கும் வேலையைத் தொடக் கூடாது. உதவி என்று சொல்லிக்கூடத் தொடக் கூடாது. இன்றைக்கு உதவி, நாளைக்கு இரண்டு பேர் வேலையை ஒருவர் பார்ப்பது என்று ஆகிவிடும். சங்கம் இதற்காக வேலைநிறுத்தமே செய்திருக்கிறது.

இப்படி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த அக்கா, ஒரு மனிதரின் மேசையை மொத்தமாகத் துடைத்து வைத்து, அவர் வேலையும் போகக் காரணமானார். வேண்டுமென்று செய்யவில்லை. சேவை என்று நினைத்துச் செய்தார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கதை.

அக்கா இந்தத் தொழிற்சாலைக்கு வந்தது இரும்புத் தூள் கூட்டுகிறவராக. கூட்டிக்கொண்டே வெல்டர்களின் கையைப் பார்த்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் வீணான தகட்டுத் துண்டுகளை எடுத்து வைத்துப் பற்றவைத்துப் பழகியிருக்கிறார். நன்றாக வேலை வந்த பிறகும் நிர்வாகம் கூட்டுகிறவர் சம்பளத்தையே கொடுத்துக்கொண்டு, அவரை வெல்டராக நிற்க வைத்து வேலை வாங்கியது. என்ன ஒரு அநியாயம் பாருங்கள்! சங்கம்தான் மல்லுக்கட்டி அவருக்கு வெல்டர் என்ற பதவியை வாங்கித் தந்தது. அதிலிருந்து சங்கம் என்றால் அக்காவுக்கு உயிர். சங்கத்தில் அவருக்குப் பிடிக்காத ஒன்றே ஒன்று, அது செய்கிற தானதர்மம்.

வருடத்துக்கு ஒரு முறை ரத்ததானம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பை, இரண்டுக்கும் பெரிய பேனர். "பையைவிட பேனர்ல துணி அதிகமா இருக்கே, அதையே தைச்சா இன்னும் நாலு பை வருமே" என்று செயலாளரிடம் நேராகவே கேட்பார். செயலாளர் சிரித்துக்கொள்வார். நல்ல மனிதர், பேச்சுவார்த்தையில் கெட்டிக்காரர், ஆனால் கேமராவைப் பார்த்தால் தானாகவே தோள் நிமிர்ந்துவிடும்.

அக்காவின் வீட்டுக்காரர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு நாள் கடையில் பல்பு மாட்ட ஏணியில் ஏறி, ஏணியோடு சேர்ந்து விழுந்தார். கால் முறிந்துவிட்டது. பொது மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ஏற்றிய ஸ்ட்ரெச்சரில் ஒரு சக்கரம் இறுகிக் கிடந்தது. தள்ளத் தள்ள வண்டி நடைக்கூடத்தின் நடுவில் வட்டமடிக்கிறது.

"எனக்குத் தலை சுத்துதுன்னு பார்த்தேன்" என்றார் தையல்காரர், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே. "இல்ல, வண்டிதான் சுத்துது."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்து உலுக்கத் தொடங்கினார். அப்போது கையில் ஸ்பேனரோடு ஒல்லியான ஒருவர் ஓடி வந்தார்.

"அக்கா, கையை எடுங்க. அது என் வேலை."

அவர்தான் அந்த மருத்துவமனையின் ஃபிட்டர். எல்லோரும் அவரைச் சக்கரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு பெரிய மருத்துவமனைக்கு அவர் ஒருவர்தான். கட்டில், ஸ்ட்ரெச்சர், சக்கர நாற்காலி, மருந்து தொங்கவிடும் கம்பம், எது உடைந்தாலும் அவர் தலையில்தான் விழும். வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. ஒத்தாசைக்கு ஒரு ஆள் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருந்த அவருடைய கொட்டகையில் உடைந்த கட்டில்கள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. வார்டில் நோயாளிகள் தரையில் படுத்திருந்தார்கள்.

வீட்டுக்காரரின் கால் கூடுவதற்குள் அக்கா முடிவு செய்துவிட்டார். சங்கக் கூட்டத்தில் எழுந்து, "பேனர் வேண்டாம், வெல்டிங் மெஷின் கொடுங்க" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கைவண்டியில் மெஷினை ஏற்றிக்கொண்டு ஒரு கூட்டம் கிளம்பியது. வெல்டர்கள், பெயிண்டர்கள், சீட் தைக்கிறவர்கள். சக்கரத்துக்கு வாயெல்லாம் பல். எந்தக் கட்டில் எந்த வார்டுக்கு முதலில் வேண்டும் என்று அவர் சொல்ல, அக்கா பற்றவைக்க, பெயிண்டர் பூச, மதியத்துக்குள் கட்டில்கள் மாடி வார்டுகளுக்குப் போகும். தரையில் கிடந்த நோயாளி ஒருவர் கட்டிலில் ஏறிப் படுத்து, "அப்பாடா" என்று சொன்னாராம். அந்த ஒரு "அப்பாடா"வை அக்கா தொழிற்சாலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மாதங்கள் போயின. அடுக்கு குறைந்துகொண்டே வந்தது. சங்கத்தின் ஆண்டுவிழா நெருங்கும்போது மிச்சம் இருந்தது ஒரு மூலைதான்.

"ஒரு நாலஞ்சு கட்டில் அப்படியே கிடக்கட்டும் அக்கா" என்றார் சக்கரம்.

"எதுக்கு? ஞாபகார்த்தமாவா?"

"சும்மா சொன்னேன். மெதுவா நான் பார்த்துக்குறேன்."

"நீ ஒத்தையா எத்தனை நாள் பார்ப்பே? நகரு, இன்னைக்கே முடிச்சிடலாம்."

முடித்துவிட்டார்கள். கொட்டகையைக் கூட்டி, கழுவி, சுவருக்கு வெள்ளையடித்து, கதவுக்கு எண்ணெயும் போட்டார்கள். தொழிற்சாலையில் ஒரு சீட் காலைக்கூட முடித்து வைக்காத ஆட்கள், அங்கே ஒரு திருகாணியைக்கூட மிச்சம் வைக்கவில்லை. சம்பளத்துக்குச் செய்தால்தானே வேலை, இலவசமாகச் செய்வது வேலையே இல்லை என்பதுபோல யாருக்கும் அந்த வழக்கம் ஞாபகத்துக்கு வரவில்லை.

மருத்துவமனை நிர்வாகி கைக்குட்டையோடு வந்து கொட்டகையைப் பார்த்தார். ஷீல்டு கொடுத்தார். "இனிமேல் பழுது என்ற கவலையே எங்களுக்கு இல்லை" என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினார். சக்கரம் ஓரமாக நின்றிருந்தார். புகைப்படத்தில் அவர் இல்லை.

புதிதாக ஏதாவது உடைந்திருக்குமா என்று பார்க்க அடுத்த ஞாயிறு போனபோது கொட்டகைக் கதவில் புதுப் பூட்டு. காவலாளி சாவியை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"இது எதுக்கு எங்கிட்ட? சக்கரம் எங்க?"

"அவரை அனுப்பிட்டாங்களேம்மா, தெரியாதா? ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாங்க. இனிமே சங்கத்துக்காரங்க வந்து பார்த்துப்பாங்க, சாவியை அவங்ககிட்ட கொடுத்துடுன்னு எனக்கு உத்தரவு."

அக்கா சாவியைத் தொடவில்லை. இறக்கிக்கொள்ள முகக்கவசமும் தலையில் இல்லை. முகம் முழுக்க எல்லோருக்கும் தெரிய, வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டு நேராகச் சக்கரத்தின் வீட்டுக்குப் போனார்.

சக்கரம் வாசலில் யாருடைய சைக்கிளையோ கவிழ்த்துப் போட்டு ஸ்போக் மாற்றிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"நாலு கட்டிலை விட்டு வைங்கன்னு சொன்னேனே."

"ஏன்னு சொல்லியிருக்கலாம்ல! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"தொழிற்சங்கத்துக்காரங்களுக்கு அதை நான் சொல்லியா தெரியணும்?"

அந்த ஒரு கேள்வி. அக்காவே பிறகு சொன்னார், வெல்டிங் பொறி செருப்புக்குள் விழுந்தால் உதறக்கூட முடியாமல் ஒரு வினாடி நிற்போமே, அப்படி நின்றேன் என்று.

மறுநாள் காலை நிர்வாகியின் அறை. அவர் உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். அக்கா உட்காரவும் இல்லை, குடிக்கவும் இல்லை.

"உங்க ஆளுங்க அவரைவிட வேகமா, நல்லா, இலவசமாவும் செய்றாங்க. அப்புறம் நான் சம்பளம் கொடுத்தா மேலே என்னைக் கேட்பாங்கம்மா."

"இலவசம்னா எதை வேணாலும் பண்ணிடுவீங்களா?"

"கோபப்படாதீங்க. கொட்டகையைக் காலி பண்ணிக் கொடுத்தது நீங்கதானே? நானா கேட்டேன்?"

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாராம். ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடித்துவிட்டு, டீ ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம்! கேட்ட எங்களுக்கே உடம்பெல்லாம் எரிந்தது.

அக்கா சங்க அலுவலகத்துக்கு வந்து, சுவரில் மாட்டியிருந்த ஷீல்டைக் கழற்றிச் செயலாளரின் மேசைமேல் குப்புறப் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை வேலை இனி கிடையாதுன்னு எழுதிக் கொடுங்க. சக்கரத்தைத் திருப்பி எடுக்கிற வரைக்கும்."

செயலாளர் கதவைச் சாத்தினார். "அக்கா, நிதானமா யோசிங்க. அடுத்த மாசம் சம்பள ஒப்பந்தப் பேச்சு. இப்போ ஊரே நம்மளை நல்லவங்கன்னு சொல்லுது. பேப்பர்ல படம் வந்திருக்கு. இன்னொரு மருத்துவமனைக்காரங்களும் கூப்பிடுறாங்க."

"அங்க யாரைத் துரத்தப் போறோம்?"

"நாமளா துரத்தினோம்?"

"பின்ன யாரு? நம்ம தொழிற்சாலைக்கு வெளியில இருந்து ஒரு கூட்டம் வந்து, சேவைன்னு சொல்லி இலவசமா பஸ் கட்டிக் கொடுத்தா நீங்க என்ன பண்ணுவீங்க? கேட்ல நின்னு மறிக்க மாட்டீங்க?"

"அவர் நம்ம உறுப்பினர் இல்லையே அக்கா."

இந்த இடத்தில் அக்கா சாத்திய கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். செயலாளர் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கிறார். பாவம், அக்காவை இத்தனை வருடம் பார்த்தும் அவருக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. கைவண்டி மருத்துவமனையின் பின்வாசலுக்கு வந்தபோது கேட்டின் நடுவில் அக்கா நின்றிருந்தார். கொடி இல்லை, அட்டை இல்லை. வேலைக்குப் போடும் காக்கிச் சட்டை, கையில் தண்ணீர் பாட்டில்.

வண்டியை இழுத்து வந்த பெயிண்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னக்கா, முன்னாடியே வந்துட்டீங்க? கொட்டகையைத் திறக்கக் காவலாளிகிட்ட சாவி வாங்கிட்டீங்களா?"

"திறக்கிறதுக்கு வரலை. மறிக்க வந்திருக்கேன். வண்டியைத் திருப்பு."

"யாரை மறிக்கிறீங்க?"

"உன்னைத்தான். உனக்குப் பின்னாடி நிக்கிறவங்களையும்தான்."

செயலாளர் முன்னால் வந்தார். "அக்கா, மறியல்னா சங்கம் அறிவிக்கணும். நீங்களா நின்னுட்டா அது மறியல் ஆயிடுமா?"

"ஒரு தொழிலாளியோட வேலையைப் பிடுங்கிட்டாங்க. அந்த வேலையைச் செய்ய உள்ளே போறவங்களுக்கு நம்ம ஊர்ல என்ன பேரு? நீங்கதான் மேடையில தொண்டை கிழியக் கத்துவீங்களே, அந்தப் பேரை இப்போ சொல்லுங்க பார்ப்போம். சொல்லிட்டு என்னைத் தாண்டிப் போங்க."

யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. எல்லோர் மனதிலும் அது ஓடியது. கருங்காலி. வேலைநிறுத்தத்தின்போது உள்ளே நுழைகிறவனைப் பார்த்துக் கூவுவோமே, அதே சொல்.

சத்தம் கேட்டு மேலே இருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். கையில் ஃபிளாஸ்க், தூக்கமில்லாத கண். அவள் அப்பா மூன்றாவது வார்டில் இருந்தார்.

"நீங்கதான் கட்டில் சரி பண்றவங்களா? சீக்கிரம் வாங்க. எங்கப்பா கட்டில் தலைமாட்டுப் பக்கம் தொங்கிப் போச்சு, மூச்சு விடக் கஷ்டப்படுறாரு. தலையணையை அடுக்கி அடுக்கி வச்சுப் பார்க்கிறேன்."

பெயிண்டர் அக்காவைப் பார்த்தார். அக்கா நகரவில்லை.

"இந்தம்மா ஏன் வழியில நிக்குது?" என்றாள் அந்தப் பெண். விஷயம் தெரிந்ததும் வெடித்துவிட்டாள். "சும்மா செய்ய வந்தவங்களைத் தடுக்கிறியே, நீயெல்லாம் ஒரு மனுஷியா? உங்கப்பன் இப்படிக் கிடந்தா நிப்பியா?"

அக்கா பெயிண்டர் பக்கம் திரும்பினார். "பெயிண்டர், நீ மட்டும் மேல போ. கருவி எதையும் எடுக்காதே. அவங்க அப்பாவை நல்ல கட்டிலுக்குத் தூக்கி மாத்த ஒரு கை கொடுத்துட்டு வா" என்றார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "இந்தக் கட்டிலைச் சரி பண்ண இங்கேயே தினமும் ஒரு ஆள் இருந்தாரும்மா. நடுராத்திரி கூப்பிட்டாலும் ஓடி வருவாரு. அவரைத் துரத்திட்டு, ஞாயித்துக்கிழமை வர்ற எங்களை நம்பி உங்கப்பாவைப் போட்டு வச்சிருக்காங்க. திங்கக்கிழமை உடைஞ்சா அடுத்த ஞாயிறு வரைக்கும் தலையணைதான். என்னைத் திட்டு, வாங்கிக்கிறேன். திட்டி முடிச்சிட்டு நிர்வாகி ரூமுக்கும் போ" என்றார்.

அந்தப் பெண் மறுபடியும் திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தோம். "அந்த ஒல்லியான ஆளா?" என்று கேட்டாள். "அவரை அனுப்பிட்டாங்களா?" பெயிண்டரைக் கூட்டிக்கொண்டு படியேறினாள். அப்பாவை இடம் மாற்றியதும் அந்த வார்டில் இருந்த மற்ற உறவினர்களையும் சேர்த்துக்கொண்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போனாள். ஞாயிறு என்று அது பூட்டியிருந்தது. திங்கள்கிழமை போனார்கள். செவ்வாயும் போனார்கள்.

பெயிண்டர் திரும்பி வந்து கைவண்டியின் முகத்தை வீட்டுப் பக்கம் திருப்பினார். ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். செயலாளர் மட்டும் கேட்டுக்கு எதிரில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரும் வண்டிக்குப் பின்னால் நடந்தார்.

சில வாரங்கள் ஓடின. ஊரில் அக்காவை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். தையல்காரர் கடைக்கு வந்த ஒருவர், "உங்க வீட்டம்மா தர்மத்தையே மறிச்சாங்களாமே" என்று கேட்க, அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "ஆமா, உங்க சட்டையை இலவசமா தைக்கிறவன் எவனாவது வந்தா அவனையும் மறிக்கச் சொல்லியிருக்கேன்" என்றாராம்.

கொட்டகையில் மறுபடி கட்டில்கள் சேர்ந்தன. வார்டுகளிலிருந்து தினமும் ஒரு கூட்டம் நிர்வாகியின் கதவைத் தட்டியது. கடைசியில் சக்கரத்தைக் கூப்பிட்டு, பழைய ஒப்பந்தத்தையே நீட்டினார்கள். உதவிக்கு ஆள் இல்லை. நிரந்தரம் இல்லை. மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. சக்கரம் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அக்காவுக்குத் தகவல் தெரிந்ததும் மெஷினை வண்டியில் ஏற்றச் சொல்லிக் கிளம்பிவிட்டார். இந்த முறை கொட்டகை வாசலில் மறித்தது சக்கரம்.

"வேண்டாம் அக்கா."

"சக்கரம், இனிமே நீ எதைக் கை காட்டுறியோ அதைத்தான் தொடுவோம். பாதியை மிச்சம் வைப்போம்."

"நீங்க நல்லவங்க. அதுதான் பயமா இருக்கு. அடுத்த வருஷம் ஒப்பந்தம் முடியும்போது மறுபடி என்னை அனுப்பினா, நீங்க கேட்ல வந்து நிப்பீங்க. அதுக்கு அடுத்த வருஷம்? உங்களுக்கு உடம்பு முடியலைன்னா? ஒரு அக்காவை நம்பி நான் எத்தனை நாள் ஓட்டுறது?"

"அப்போ என்னதான் பண்ணச் சொல்றே?"

"மெஷின் வேண்டாம். உங்க சட்டைப் பையில இருக்கே உறுப்பினர் கார்டு, அதுல ஒண்ணு எனக்கு வேணும். கூட்டுறவங்க, சலவைக்காரங்க, காவலாளி, இங்க இருக்கிற ஒருத்தருக்கும் அது இல்லை. சங்கம் எங்களுக்குக் கட்டில் செஞ்சு கொடுத்துச்சு, எங்களைச் சேர்த்துக்கணும்னு ஒரு நாளாவது தோணுச்சா?"

அக்கா அங்கேயே, சலவைக்கூடத்துக் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது முகம் சிவந்திருந்தது. சக்கரத்தின் மேல் கோபமில்லை. இத்தனை வருடம் சட்டைப் பையில் கார்டை வைத்துக்கொண்டு கைவண்டியை மட்டும் தள்ளிக்கொண்டு வந்தோமே என்ற கோபம்.

விதிப்படி எங்கள் தொழிற்சாலை ஆட்களைத் தவிர வேறு யாரும் உறுப்பினராக முடியாது. விதியை மாற்றப் பொதுக்குழு கூட வேண்டும். நேற்று கூடியது. மண்டபத்தில் கடைசி வரிசைகள் முழுக்க மருத்துவமனைக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் சக்கரம். உறுப்பினர் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் எழுதியிருந்தது. வாசலில் நின்றிருந்த பெயிண்டர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா ஒலிபெருக்கி முன்னால் போனார். செயலாளர், "அக்கா, இவங்களைச் சேர்த்தா இவங்க பிரச்சினையெல்லாம் நம்ம தலைமேல வரும். அடுத்த வாரம் நம்ம சம்பளப் பேச்சு இருக்கு. இப்போ வேண்டாம்" என்று காதில் சொன்னார். காதில் சொன்னது ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது.

"வரட்டும்" என்றார் அக்கா. "நம்ம தலைமேலதான் வரணும். இல்லாட்டி நாம எதுக்கு இருக்கோம், ஷீல்டு வாங்கவா? வருஷா வருஷம் பை கொடுக்கிறோமே, அதை வாங்குற பிள்ளைங்களோட அப்பா அம்மா யாருன்னு நினைச்சீங்க? திரும்பிப் பாருங்க. பின்னாடி உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கு ஒழுங்கா சம்பளம் வந்தா அவங்களே பை வாங்கிக்க மாட்டாங்களா? கை தூக்கச் சொல்லுங்க. இப்பவே."

செயலாளர் மண்டபத்தைப் பார்த்தார். பின்வரிசையைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் கை தூக்கலாம் என்றார்.

கைகளை எண்ணத் தொடங்கியபோது சக்கரமும் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு ஓட்டு கிடையாது. அதைச் சொல்லி அந்தக் கையை இறக்க வைக்க மண்டபத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.